மழைக்குப் பின் பழைய பிக்கப் கிளம்பாவிட்டால் கவனிக்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், இரவு மழையில் திறந்தவெளியில் நின்ற பழைய பெட்ரோல் பிக்கப், காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் கிளம்ப மறுத்தால், புது பேட்டரிக்குக் காசைக் கரைக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்புறம் ஈரம் கோத்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்ததுமே பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். ஆனால் மூடியின் உள்ளே உள்ள மின்முனைகளுக்கு இடையே பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், அது மின்சாரம் கசிந்தோடிய தடம்; துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும்.

அடுத்தது பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை. அது முழுவதும் திறந்திருக்கும் நிலையில், இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்; இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு வெளிவந்தால் சரி. பாயிண்ட் அடிக்கடி கருகிக் குழி விழுந்தால் அங்கே பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம், விலையும் அதிகமில்லை.

பொறியைச் சோதிக்க, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் படுமாறு வைத்து, வயரை ரப்பர் கைப்பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள்; இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றட்டும். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இச்சோதனையே வேண்டாம். நீலப்பொறி பளிச்சென்று வந்தால், கோளாறு பெட்ரோல் வரும் வழியில் இருக்கக்கூடும். நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்பும் வண்டியில், பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக்கும் காயிலைச் சூட்டோடு சோதிக்க வேண்டும். ஆறிவிட்டால் மீட்டர் சரியென்றே காட்டக்கூடும்.