முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை: நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியோர் இல்லத்தில் ஒரு பராமரிப்பாளர் வேலையை விட்டால், அடுத்த ஆள் வரும்வரை அவருடைய வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறது. அந்தச் சுமையில் இன்னொருவர் களைத்துப்போய் விலகுகிறார். மீதி இருப்பவர்களுக்கு வேலை இன்னும் கூடுகிறது. ஆள் பற்றாக்குறையும் பர்ன்அவுட்டும் (வேலை அழுத்தத்தால் உடலும் மனமும் ஓய்ந்துபோவது) இப்படித்தான் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இதை நிறுத்த நினைக்கும் நிர்வாகங்களே சில தவறுகளால் இதை வேகப்படுத்திவிடுகின்றன.

முதல் தவறு, பர்ன்அவுட்டைத் தனிமனிதரின் பலவீனமாகப் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு (2022 முதல் நடைமுறையில் உள்ளது) இதை ஒரு நோயாகப் பட்டியலிடவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் நீடித்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது வேலை நடக்கும் விதத்தை. பணியாளர்களுக்கு யோகா வகுப்பு வைப்பது நல்லதுதான். ஆனால் அதை அவர்களுடைய விடுமுறை நாளில் வைத்து, கட்டாயம் வர வேண்டும் என்றால், இருந்த ஓய்வும் போய்விடும்.

அதே வகைப்பாடு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமையாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. இவற்றில் இரண்டாவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்பு பெரியவர்களைப் பெயர் சொல்லி விசாரித்தவர், இப்போது அறை எண்ணை மட்டும் சொல்கிறார். சாப்பாடு ஊட்டும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. உடனே 'திமிர்', 'அக்கறை இல்லை' என்று முடிவு கட்டி எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிறார்கள். கண்டிப்பதற்கு முன் அவருடைய கடந்த மாத டியூட்டி பட்டியலை எடுத்துப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அதில் இருக்கும். (முதியவரை அடிப்பது, மிரட்டுவது வேறு விஷயம். அதற்குக் களைப்பு காரணமாகாது. உடனே நடவடிக்கை தேவை.)

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, தலையை எண்ணி ஆள் போடுவது. 'இத்தனை பேருக்கு ஒரு பராமரிப்பாளர்' என்ற கணக்கு காகிதத்தில் சுலபமாக இருக்கும். ஆனால் தானாக நடந்து சாப்பிட வருபவரும், படுத்த படுக்கையாக இருப்பவரும் ஒரே அளவு வேலை வைப்பதில்லை. படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமலிருக்க, பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைப்பார்கள். தூக்கும் வேலையிலும் இதே சிக்கல்தான். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மீது விழும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் பரிந்துரை. பெரியவர் ஒருவரை ஒற்றை ஆளாகத் தூக்கினால் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும். தூக்கு இயந்திரமும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை என்றால் பராமரிப்பாளரின் முதுகு போகும். அவரும் வேலையை விட்டுப் போவார்.

நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களில் பலருக்கு மாலை சாயும் நேரத்தில்தான் பதற்றமும் குழப்பமும் கூடும். சரியாக அந்த நேரத்தில் பகல் ஷிப்ட் ஆட்களை அனுப்பிவிட்டு, குறைந்த ஆட்களோடு இரவைத் தொடங்குவது ஆபத்தானது. இரவில் ஒரு மாடிக்கு ஒரே ஆள் என்றால், அவர் ஒருவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது இன்னொருவர் எழுந்து விழலாம்.

அப்புறம், 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவது. ஒவ்வொரு இல்லத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். யாராவது வரவில்லையென்றால் முதல் போன் அவருக்குத்தான். இரட்டை ஷிப்ட் அவருக்குப் பழக்கமாகிவிடும். அமெரிக்க மருத்துவமனை செவிலியர்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடர்ந்து பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தபோது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு இருந்ததாகச் சொன்னது. மாத்திரை கொடுப்பவரின் கவனம் அவ்வளவு நேரத்துக்குப் பிறகு எப்படி நிற்கும்? கூடுதல் டியூட்டியை முறை வைத்துச் சுழற்றுங்கள். மறுத்தவரைப் பழிவாங்காதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே தனியாக விடுவதும் தவறு. யாருக்கு விழுங்கச் சிரமம், யார் தொட்டால் பயப்படுவார் என்று எதுவும் தெரியாமல் அவர் திணறுவார். சில நாட்களாவது அனுபவசாலி ஒருவருடன் விடுங்கள். ஆள் குறைவாக இருக்கும்போது இது வீண் செலவாகத் தெரியும். ஆனால் அவர் முதல் மாதமே போய்விட்டால், தேடல் மறுபடியும் தொடக்கத்திலிருந்துதான்.

வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட பெரியவர் இறந்தால் பராமரிப்பாளருக்கும் அது இழப்புதான். அன்றைக்கே படுக்கையைச் சுத்தம் செய்து அடுத்தவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது கொடுமை. அஞ்சலி செலுத்தச் சிறிது நேரமாவது கொடுங்கள்.

கடைசியாக, நிர்வாகங்கள் பேசத் தயங்கும் ஒன்று: ஆள் போதவில்லை என்று தெரிந்தும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே போவது. காலி படுக்கை வருமான இழப்புதான். ஆனாலும் ஆள் கிடைக்கும்வரை சேர்க்கையை நிறுத்திவைத்து, காத்திருக்கும் குடும்பங்களிடம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இடம் தேடும் குடும்பங்களும் கட்டணத்தைக் கேட்கும்போதே, இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், கடந்த ஆண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்க வேண்டும்.