மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் படிப்பது எப்படி?

போன ஆடி மாதம் அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 286 என்று வந்தது. அன்று சாயங்காலமே பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா வாங்கிவிட்டேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மி.கி. என்று போட்டிருந்தது. தினம் ஒன்று வீதம் அப்பா ஆறு வாரம் விழுங்கினார். அப்புறம் டாக்டரிடம் போனபோது அவர் டப்பாவைக் கையில்கூட வாங்கவில்லை. "இதுல ஈபிஏ எவ்வளவு, டிஹெச்ஏ எவ்வளவு?" என்று கேட்டார். ஆயிரம் என்றேன். "அது எண்ணெயோட எடைப்பா. நான் கேட்டது வேற" என்றார். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பின் இரண்டு வகைகள்தான் ஈபிஏ, டிஹெச்ஏ.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது கொழுப்பு கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், மாத்திரை வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை இதைப் படித்துவிடுங்கள்.

படி 1: ரிப்போர்ட்டில் எந்த வரி கூடியிருக்கிறது?

நாலு வரி பாருங்கள்: மொத்தக் கொழுப்பு, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு என்பார்கள்), எல்டிஎல் (கெட்ட கொழுப்பு என்பார்கள்), டிரைகிளிசரைடு. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 குறைப்பது டிரைகிளிசரைடை மட்டும்தான். எல்டிஎல்லை அது குறைக்காது. எல்டிஎல் மட்டும் கூடியிருப்பவர்களுக்கு இந்த மாத்திரையால் பிரயோசனம் இல்லை, டாக்டரிடம் வேறு மருந்து பற்றிப் பேச வேண்டும்.

டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருந்தால் சரி. 200-லிருந்து 499 வரை அதிகம். 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கே ஆபத்து, நேரே டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு விஷயம். நிறைய லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொழுப்பில் ஹெச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். அப்பாவுக்கு 214 - 38 - 57, ஆக 119. ரிப்போர்ட்டிலும் அதே 119. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு சரிவராது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி அல்வாவும் ஒரு கை பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ரத்தம் கொடுக்காதீர்கள். டிரைகிளிசரைடு சாப்பாட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். அதற்கு முந்தைய சில நாட்களும் வழக்கமான சாப்பாடாக இருக்கட்டும்.

படி 2: டப்பாவைத் திருப்புங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பின்பக்க எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். போன் கேமராவில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பூதக்கண்ணாடியைவிட இதுதான் வசதி, படம் கையில் இருப்பதால் டாக்டரிடமும் காட்டலாம். என் டப்பாவில் இருந்தது இது:

மீன் எண்ணெய் 1000 மி.கி.
ஈபிஏ 180 மி.கி.
டிஹெச்ஏ 120 மி.கி.

இதயம் சம்பந்தமான ஆராய்ச்சிகள் எல்லாம் பேசுவது கீழே இருக்கும் இரண்டு வரிகளைப் பற்றித்தான். இரண்டையும் கூட்டினால் 300. ஆயிரத்தில் மீதி 700 மி.கி. மீனில் இருக்கும் மற்ற கொழுப்புகள். அதுவும் எண்ணெய்தான், கிராமுக்கு 9 கலோரி தரும். டாக்டர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் ஈபிஏ-டிஹெச்ஏ வேண்டும் என்று சொல்கிறார் என்று வையுங்கள். 2000-ஐ 300-ஆல் வகுத்தால் 6.67, அதாவது தினம் ஏழு மாத்திரை. அப்பா விழுங்கியது ஒன்று.

கடைப் பையனிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, எல்லாரும் ஆயிரம்னுதான் கேட்டு வாங்குதாவ. பின்னால பாத்து ஒருத்தரும் கேக்கதில்ல" என்றான். அவன்மேல் தப்பில்லை. நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

விலையையும் இதை வைத்தே பாருங்கள். நான் பார்த்த இரண்டு டப்பாவிலும் அறுபது மாத்திரை. ஒன்று 540 ரூபாய், மாத்திரைக்கு 300 மி.கி. இன்னொன்று 900 ரூபாய், மாத்திரைக்கு 600 மி.கி. முதல் டப்பா முழுவதிலும் 18 கிராம், ஆக கிராமுக்கு 30 ரூபாய். இரண்டாவதில் 36 கிராம், கிராமுக்கு 25 ரூபாய். விலை குறைவு என்று கையில் எடுத்ததுதான் உண்மையில் கூடுதல் விலை.

ஈபிஏ, டிஹெச்ஏ எவ்வளவு என்று பிரித்துப் போடாமல் வெறுமனே "ஒமேகா-3" என்று ஒரே எண்ணாகப் போட்டிருக்கும் டப்பாவை நான் வாங்குவதில்லை. வாங்கிய டப்பாவிலும் முதலில் ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டி முகர்ந்து பார்க்கிறேன். மீன் வாடை லேசாக இருக்கலாம். பழைய எண்ணெய்ச் சட்டி மாதிரி காறல் அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மணம் சேர்த்த மாத்திரைகளை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அந்த மணத்தில் காறல் தெரியாது.

வெறும் வயிற்றில் போட வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் போட்டால் ஏப்பமும் குறையும், உடம்பிலும் நன்றாகச் சேரும்.

படி 3: உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள்

மாத்திரை எண்ணத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது. முதலில் வந்திருக்க வேண்டியது.

நோய் வராமலிருக்க தினம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை என்பதை அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து வருடத்துக்கு மேல் சோதித்தார்கள். வைட்டல் என்று பெயர், முடிவு 2018-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. அதே வருடம் வந்த அசெண்ட் ஆய்வில் சர்க்கரை நோய் உள்ள 15,480 பேர். அங்கேயும் அதே கதை.

விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது ரெட்யூஸ்-இட் என்ற ஆய்வை. அதுவும் 2018-தான். ஏற்கெனவே ஸ்டாடின் (எல்டிஎல்லைக் குறைக்கும் மருந்து) மாத்திரை சாப்பிட்டும் டிரைகிளிசரைடு கூடியிருந்த 8,179 பேரில் பாதிப் பேருக்கு, சுத்திகரித்த ஈபிஏ மட்டும் உள்ள மருந்தை தினம் 4 கிராம் கொடுத்தார்கள். இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அது டாக்டர் எழுதித் தரும் மருந்து, கடையில் நாமாக எடுக்கும் டப்பா அதற்கு ஈடாகாது. 2020-ல் ஸ்ட்ரெங்த் ஆய்வில் ஈபிஏ-யும் டிஹெச்ஏ-வும் கலந்து அதே 4 கிராம் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்குக் கொடுத்த எண்ணெய் ஒன்றில் கனிம எண்ணெய், மற்றதில் சோள எண்ணெய் என்பதையும் அதில் பேசுகிறார்கள்.

ரெட்யூஸ்-இட், ஸ்ட்ரெங்த் இரண்டிலும் ஒத்துப்போன ஒன்று உண்டு. அதிக அளவு எடுத்தவர்களிடம் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடுதலாக வந்தது. அதனால் படபடப்பு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

அப்பாவின் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காபியில் சீனி, ராத்திரி புரோட்டா, மத்தியானம் இரண்டாவது தடவை போடும் சோறு, இந்த மூன்றையும் குறைக்கச் சொன்னார். டிரைகிளிசரைடு எண்ணெயால் மட்டும் ஏறுவதில்லை, உடம்பு செலவழிக்காத சீனியும் மாவுச்சத்தும் ஈரலில் போய் இதுவாகத்தான் மாறுகிறது. மதுவும் ஏற்றும். அப்புறம் தினம் நடை, வாரம் இரண்டு நாள் மீன்.

படி 4: சாளை வாங்குங்கள்

எங்கள் தெருவுக்கு உவரிப் பக்கத்திலிருந்து ஒருவர் எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். நான் சாளை கேட்டதும், "சீலா அருமையா இருக்கு, சாளையக் கேக்கியளே?" என்றார். விருந்தாளி வந்தால் சீலா வாங்குவது நம் வழக்கம். ஆனால் ஒமேகா-3 கணக்கில் சாளை அதைவிட மேல், விலையும் கம்மி. சென்னைக்காரர்கள் மத்தி என்பது இதைத்தான். அயிலையும் நல்லது.

சாளை சீக்கிரம் கெடும் மீன். கண் பளபளப்பாக இருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். முக்கியமாக வயிற்றைப் பாருங்கள். நேரமாகிப்போன சாளையின் வயிறு வெடித்துக் குடல் வெளியே தெரியும். வெடித்தது நாலைந்து கிடந்தால் அந்தக் கூறையே விட்டுவிடுங்கள்.

பொரிக்க வேண்டாம். மாங்காய் போட்டு, தேங்காயைக் குறைத்து அரைத்து அவியல் வையுங்கள், அல்லது புளிக்குழம்பு. இறக்கி ஆறியதும் குழம்பின் மேல் மஞ்சளாக நெய் மாதிரி மிதக்கும். நாம் 900 ரூபாய் கொடுத்து டப்பாவில் தேடியது அதுதான். அம்மா அதைக் கரண்டியால் ஒதுக்கிவிடுவாள், இப்போது அப்பா தட்டிலேயே ஊற்றுகிறாள்.

படி 5: சமையல் எண்ணெயை அளங்கள்

உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. நெய்யும் அதற்குள்தான். எங்கள் வீட்டில் நாலு பேர், ஆக 90 கிராம், மாதம் 2.7 கிலோ. எண்ணெய் லிட்டருக்கு 910 கிராம் எடை வரும், அதனால் மாதம் 3 லிட்டர். நாங்கள் 5 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம், நெய் தனி.

தராசு, ஸ்பிரே பாட்டில் எல்லாம் வாங்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கடைசியில் நிலைத்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். காலையில் 100 மில்லி அதில் ஊற்றி அடுப்புப் பக்கம் வைத்துவிடுவோம். தோசைக்கும் தாளிப்புக்கும் அன்றைக்கு அவ்வளவுதான்.

எந்த எண்ணெய்? நாங்கள் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். நிறைவுற்ற கொழுப்பு கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவு. பாமாயிலில் ஏறக்குறைய பாதி, தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுக்கு மேல். செக்கில் ஆட்டினாலும் இந்த விகிதம் மாறாது. மணத்துக்காக நானும் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறேன், ஆனால் செக்கு என்பதற்காகக் கூடுதலாக ஊற்ற முடியாது.

மூன்று மாதம் கழித்து அப்பாவுக்கு டிரைகிளிசரைடு 178. சோறு, சீனி, நடை, மீன் எல்லாம் சேர்ந்து இறங்கியது.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு ஒருவர் தன் டப்பாவின் படத்தை அனுப்பினார். ஈபிஏ 360, டிஹெச்ஏ 240, ஆக 600 என்று சந்தோஷப்பட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கினால் மேல் ஓரத்தில் "ஒரு வேளை அளவு: 2 மாத்திரை" என்று இருந்தது. அப்படியானால் மாத்திரைக்கு 300-தான். கூட்டுவதற்கு முன் இந்த வரியைத் தேடுங்கள். நான் முதலில் எழுதியபோது இதை விட்டுவிட்டேன்.

சைவக்காரர்கள் ஆளி விதை பற்றிக் கேட்டார்கள். அதில் இருப்பது ஏஎல்ஏ என்ற இன்னொரு ஒமேகா-3. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் ஈபிஏ-வாக மாற்றும், டிஹெச்ஏ-வாக மாறுவது அதைவிடக் குறைவு. இட்லிப் பொடியில் வறுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல உணவுதான். டாக்டர் டிஹெச்ஏ வேண்டும் என்று சொன்னால் கடல் நுண்பாசியிலிருந்து எடுத்த மாத்திரை கிடைக்கிறது. மீனுக்கும் அது பாசியிலிருந்துதான் வருகிறது.

சின்ன வயதில் சாப்பிட்ட மஞ்சள் மீன் மாத்திரையும் இதுவும் ஒன்றா என்று கேட்டவர்களுக்கு: அது காட் மீனின் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி உண்டு. ஒமேகா-3 வேண்டுமென்று அதை எண்ணிக்கை கூட்டி விழுங்கினால் வைட்டமின் ஏ அளவு மீறும். கர்ப்பிணிகளுக்கு அது கெடுதல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் போவார்கள். மீன் வரத்து குறையும், விலை ஏறும், ஆனாலும் வாரத்துக்கு அரைக் கிலோ சாளை எங்களுக்குக் கிடைத்துவிடுகிறது, முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். மீனுக்குப் பதிலாகக் கருவாடு மட்டும் வேண்டாம். அப்பாவைப் போல பிரஷரும் உள்ளவர்களுக்கு அதில் இருக்கும் உப்பு ஆகாது.