காண்டன் படகு ஓவியங்கள்: பார்க்கும்போதும் கையாளும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்கார வியாபாரிகளும் மாலுமிகளும் ஊர் திரும்பும்போது வாங்கிப்போன சின்னச் சின்னப் படகு ஓவியங்கள், பெரும்பாலும் 12 படம் கொண்ட ஆல்பமாக, இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை டூரிஸ்ட் சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாத்துப் படகை வரைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீருக்கு மேல் நீட்டிய பரண், அதில் நெருக்கியடித்து நிற்கும் வாத்துகள், அவை இறங்கிப்போய் மேய்வதற்குச் சாய்த்துவிட்ட பலகை. படகில் பிழைப்பு நடத்தியவர்களை அறிந்தவர்கள் போட்ட மாதிரிப் படத்திலிருந்துதான் இது வந்திருக்க முடியும்.

அதற்காக ஒவ்வொரு படமும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தது என்று நம்பிவிடவும் கூடாது. இவை பட்டறை வேலை. மாதிரிப் படத்தின் வெளிக்கோட்டை அப்படியே பிரதி எடுத்து, பல கைகள் பங்கு போட்டு வண்ணம் தீட்டுவார்கள். அதனால் ஒரே படகு, ஒரே மாதிரி குனிந்து துடுப்பு வலிக்கும் ஆள், வெவ்வேறு காலத்து ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வரும். ஆல்பத்தில் வாங்கியவர் எழுதிய வருடத்தை வைத்து, அந்த வருடத்தில் படகு அப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. டிங்க்வா, சுன்க்வா, யூக்வா என்று காண்டன் ஓவியர் ஒருவரின் பெயர் லேபிளில் இருந்தாலும் அது பட்டறையைத்தான் காட்டும், அவரே வரைந்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சம்பான் என்னும் குட்டித் துடுப்புப் படகும் பெரிய சரக்குப் படகும் தாளை ஒரே அளவுக்கு நிறைத்துக்கொண்டு நிற்கும், பின்னணியும் பெரும்பாலும் வெறுமையாக, கீழே நாலு நீலக் கோடுகளோடு முடிந்துவிடும். ஆகவே ஆட்களின் உயரத்தோடு படகை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் தோராயம்தான்.

அப்புறம், ரொம்ப முக்கியமானது. 1820களுக்குப் பிறகு வந்த ஆல்பங்களில் பலவும் காகிதமே கிடையாது. ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் நெட்டியைக் கத்தியால் சுருளாகச் சீவி விரித்த தகடு அது. 'ரைஸ் பேப்பர்' என்று சொல்வார்கள், ஆனால் அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அழுத்தினால் படீரென்று விரிசல் விடும். வளைந்திருக்கிறதே என்று கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது, அட்டையில் முழுசாகப் பசை தடவி ஒட்டுவது, கிழிந்த ஓரத்தில் செலோடேப் போடுவது, எல்லாமே படத்தைக் கொல்லும். விரிசல் இருந்தால் தொடாமல் தட்டையான பெட்டியில் வைத்து, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.