முதல் நாளே இலக்கு என்னவென்று கேட்காதீர்கள்

வழக்கமான பள்ளி ஒத்துவராமல் மாற்றுக் கல்விக்கு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை, ஆட்டிசமோ (பழகுவதும் உணர்வதும் வேறு விதமாக இருப்பது) ஏடிஎச்டியோ (கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவது கடினமாவது) டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாவது) இருக்கிற பிள்ளை, வருவதற்கு முன்பே 'சோம்பேறி', 'மனசு வெச்சா முடியும்' என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். அங்கே போய் "உன் இலக்கு என்ன?" என்று, கூடவிருந்து வழிகாட்டும் கோச்சாக நீங்கள் ஆரம்பித்தால், திருத்துவதற்கு இன்னொருவர் வந்துவிட்டார் என்றுதான் தோன்றும். அதனால் முதல் சில சந்திப்புகளில் இலக்கே வேண்டாம். பிடித்த விஷயத்தை, அது ரயில் எஞ்சினோ வீடியோ கேமோ, பேசவிடுங்கள். எழுந்து நடக்கட்டும், பேசிக்கொண்டே கிறுக்கட்டும். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள், பலருக்குப் பார்வையை விலக்கினால்தான் காதில் விழுவது மனதில் ஏறும்.

அப்புறம் கேள்விகள். கோச்சிங் பயிற்சியில் திறந்த கேள்வி, அதாவது ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத கேள்வி, கேட்கச் சொல்லித் தருவார்கள், இங்கே முதலில் சறுக்குவது அதுதான். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்றால் "தெரியல" என்றே பதில் வரும். பிள்ளை மழுப்புவதாக நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தையே நினைவுக்குக் கொண்டுவந்து, அதில் முக்கியமானதைப் பொறுக்கி, அப்போது மனதில் இருந்தது கோபமா பயமா என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லவும் வேண்டும் என்றால் சின்ன வேலையா? "செவ்வாய்க்கிழமை கணக்கு போடும்போது எந்த இடத்தில் நின்னுபோச்சு?" என்று கேளுங்கள். இல்லையென்றால் மூன்று பதில்களை எழுதிக் காட்டுங்கள், நான்காவதாக 'இதில் எதுவும் இல்லை' என்பதும் இருக்கட்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் தாங்காது. அவசரப்பட்டு அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டால், பாதி யோசித்ததை விட்டுவிட்டு அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேசி முடிவு செய்ததைச் செய்யாமல் வருவார்கள். வரத்தான் செய்வார்கள். ஏடிஎச்டி இருப்பவர்களுக்கு ஒரு வேலையைச் செய்யத் தெரிவது வேறு, அதை ஆரம்பிப்பது வேறு, எவ்வளவு ஆசை இருந்தாலும் ஆரம்பம் கைகூடாமல் போகலாம். "ஏன் செய்யல?" என்று கேட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல இருக்கும். எந்த அடியில் சிக்கியது என்று சேர்ந்து தேடுங்கள். 'கட்டுரை எழுது' என்பதை 'ஃபைலைத் திற, தலைப்பை டைப் செய், பிடிக்கலைன்னா மூடிடு' என்ற அளவுக்குச் சுருக்குங்கள். மீதி நேரம் கண்ணில் தெரிகிற டைமர் உதவும். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலே சிலருக்குக் கை ஓடும், இதை பாடி டபுளிங் என்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த உத்தி திடீரென்று பலன் தராமல் போகும், புதுசு என்ற ஈர்ப்பு தீர்ந்திருக்கும். அடுத்ததுக்கு மாறுங்கள், அதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.

மருத்துவ அறிக்கையை மட்டும் வைத்துத் திட்டம் போடுவதும் வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்தையும் ஏடிஎச்டியையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கண்டறிய அனுமதித்ததே 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். அறிக்கையில் ஒன்று மட்டும் இருந்தாலும் இரண்டும் சேர்ந்திருக்கலாம். அன்றாட ஒழுங்கு மாறினால் தவிக்கிற பிள்ளையே, அதே நாளில் அந்த ஒழுங்கு சலித்துப்போய்த் துடிப்பதையும் பார்க்கலாம்.

இன்னொன்று, 'மற்றவர்கள் மாதிரி' தெரியவைக்கிற இலக்குகள். கையை ஆட்டாமல் இருப்பது, கூட்டத்தில் சிரித்துப் பேசுவது. இதைக் கேட்டு வருவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அந்தப் பிள்ளைக்கே அது வேண்டுமா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். நாளெல்லாம் வேஷம் போட்டுவிட்டு மாலையில் சுருண்டு விழுகிறவர்களுக்குப் படிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்?

எதை வீட்டுக்குச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாடு தூக்கம் அடியோடு கெடுவது, வீட்டிலோ வெளியிலோ யாராவது துன்புறுத்துவது போன்றவை தெரிந்தால் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. உரிய பொறுப்பாளரிடமும் மனநல நிபுணரிடமும் கொண்டு போகத்தான் வேண்டும். யாரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அப்படிச் சொல்வதாலேயே ஆபத்து கூடும் என்கிற நிலைமை தவிர.