துக்க வீட்டுக்குப் போகும்போது

கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று பத்து பேரிடம் கேட்கிறோம். துக்க வீட்டுக்கு மட்டும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வெளிர் நிறத்தில் சாதாரணப் பருத்திச் சேலை, சுடிதார், சட்டை போதும். பட்டு, பளபளப்பு, தலையில் பூ, தூக்கலான சென்ட் வேண்டாம். ஆபீஸிலிருந்து நேராகப் போகிறீர்கள் என்றால் கழுத்து ஐடி கார்டைக் கழற்றிப் பையில் வையுங்கள்.

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டாரிடமோ தூரத்து உறவினரிடமோ கேளுங்கள். போனை வாசலிலேயே சைலன்ட்டில் போட்டுவிடுங்கள். சினிமாப் பாட்டு ரிங்டோன் அங்கே அலறினால் எல்லோருக்கும் சங்கடம். மாலை போடலாம். கோடித் துணி போடுவது உறவுமுறை சார்ந்தது, அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? முன்னாடியே பார்த்திருக்கலாமே?" என்று அழுதுகொண்டிருப்பவரைக் குடையாதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் அதே கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது! கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலே போதும். "நல்ல சாவு" என்ற ஆறுதலும், தொண்ணூறு வயதுக்காரர் என்றாலும், பிள்ளைகளிடம் வேண்டாம்.

அப்புறம், வேலை. தண்ணீர் கேன், நாற்காலி, வந்தவர்களுக்குக் காபி, வீட்டுக் குழந்தைகளுக்குச் சாப்பாடு... இதில் ஒன்றை யாரும் கேட்காமலே எடுத்துச் செய்யுங்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.