ஜனவரி 31-உடன் ஒரு மாதம்

சந்தா புதுப்பிக்கும் தேதியை பிஎச்பி என்ற நிரல்மொழியில் கணக்கிட்டேன். 2023 ஜனவரி 31-இல் சேர்ந்தவருக்கு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 வந்து நின்றது. பிப்ரவரியையே காணோம்! இல்லாத பிப்ரவரி 31-ஐ எடுத்துக்கொண்டு, மிஞ்சிய 3 நாளை மார்ச்சில் தள்ளிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் இதே ரகம்தான்.

30 நாளை நொடிகளாக்கிக் கூட்டிப் பார்த்தேன், மார்ச் 2. அதுவும் சரிப்படவில்லை.

அப்புறம் கணக்கை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்திடமே விட்டேன். அதன் இன்டர்வெல் (கால அளவைக் குறிக்கும் தரவு வகை) பிப்ரவரி 28-இல் சரியாக நிறுத்தியது. ஆனால் அந்த 28-உடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28தான். பாவம், 31 திரும்பி வராது. அதனால் சேர்ந்த தேதியைத் தொடாமல் வைத்து, அதனுடனேயே 1 மாதம், 2 மாதம், 3 மாதம் என்று கூட்டுகிறேன். இப்போது மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வருகிறது.