வற் வருமானம் கூடிவிட்டது என்று எழுதும் முன்

அண்மையில் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த தங்கச்சி ஒருவர் தன் முதல் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். இலங்கையின் பெறுமதி சேர் வரி (வற்) வருமானம் பற்றியது. மேலே ஏறுமுகமாக ஒரு கோடு. கீழே, "மக்களின் நுகர்வு மீண்டுவருவதை இது காட்டுகிறது" என்று ஒரு வசனம். 2023 தொடக்கத்தில் நானும் இதே வசனத்தை எழுதியிருக்கிறேன். அதை நம்பிய ஒருவருக்குக் காசு போனது.

மில்லியனைப் பில்லியன் என்று எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவது எல்லாம் ஒரு தடவை ஏச்சு வாங்கினால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிட்டு, எளிதில் திருந்தாத பிழைகளைச் சொல்கிறேன்.

ஏறியது எது என்று பார்க்காமல் எழுதுவது

2021இல் வற் மூலம் அரசுக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 308 பில்லியன் ரூபா. 2022இல் 463 பில்லியன். ஐம்பது சதவீத உயர்வு. ஆனால் அது கொழும்பில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய ஆண்டு. சனம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டிருந்தபோது வாங்குவதன் மீதான வரி எப்படிக் கூடும்? அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை.

கேட்டிருந்தால் பதில் பக்கத்திலேயே இருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022இன் சராசரிப் பணவீக்கம் சுமார் 46 சதவீதம். செப்டெம்பரில் அது 70ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. அதே ஆண்டில் வரி வீதமும் இரண்டு தடவை ஏறியது: ஜூன் 1இல் 8இலிருந்து 12, செப்டெம்பர் 1இல் 15.

ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். வரி சேர்க்காமல் ஒன்று 100 ரூபா என்று பத்து சவர்க்காரம் விற்றால், 8 சதவீதத்தில் வரி 80 ரூபா. விலை 200 ஆகி, ஆறு மட்டும் விற்று, வீதம் 15 ஆனால் வரி 180 ரூபா. வியாபாரம் நாற்பது சதவீதம் படுத்துவிட்டது, வரியோ இரண்டு மடங்குக்கு மேல். என் அறிக்கையில் இருந்த கோடு இந்த 180ஐத்தான் காட்டியது. நான் அதை வியாபாரம் என்று வாசித்தேன்.

இப்போது நான் முதலில் செய்வது ஒரு சின்ன வகுத்தல். வருமானத்தை வீதத்தால் வகுத்து, ஒரு சதவீதப் புள்ளிக்கு எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பேன். 2021இல் 308ஐ 8ஆல் வகுத்தால் 38 பில்லியன் சொச்சம். 2022இல் மாதங்களைக் கணக்கிட்டுச் சராசரி வீதத்தைச் சுமார் 11 என்று வைத்தால் 42 பில்லியன். அதாவது ஒன்பது சதவீதம் கூட. விலைகள் ஏறியதோ 46 சதவீதம். வாங்கிய பொருளின் அளவு நன்றாகவே விழுந்திருக்கிறது. நிதிச் சேவைகளுக்கு அப்போது வற் வீதம் தனி என்பதால் இது பருமட்டான கணக்குத்தான். ஆனாலும் திசையைப் பிழையாகக் காட்டாது.

கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் எங்கள் தூரத்து உறவு அண்ணா ஒருவர் என் அறிக்கையை வாசித்துவிட்டுக் கோல் எடுத்தார். "அப்ப சித்திரைக்குச் சரக்கு எடுக்கலாம் என்கிறாய், பிள்ளை?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்து வழமையைவிடக் கூட எடுத்தார். வருடப்பிறப்பு முடிந்தது. பாதிக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. காசோலைகள் வங்கிக்கு வரத் தொடங்கின. கடன் வட்டி இருபது சதவீதத்தைத் தாண்டியிருந்த காலம் அது. மிஞ்சியதைத் தீபாவளிக்கு வாங்கின விலைக்கும் கீழே தள்ளினார். அதனால்தான், யாராவது வரி வருமானத்தைக் காட்டிச் "சனம் செலவழிக்குது" என்று சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்த வசனத்தை நம்பிச் சரக்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2020ஐக் கொரோனாவின் தலையில் கட்டுவது

2019இல் 444 பில்லியன், 2020இல் 234 பில்லியன். பார்த்தவுடன் எல்லோருக்கும் ஊரடங்குதான் ஞாபகம் வரும். ஆனால் 2019 டிசெம்பர் 1இலேயே வீதம் 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. கிட்டத்தட்டப் பாதி. வருமானமும் அதே அளவு விழுந்தது. 2020 ஜனவரியிலிருந்து ஒரு வியாபாரம் வற்றுக்குப் பதியவேண்டிய ஆண்டுப் புரள்வு (மொத்த விற்பனை) எல்லையும் 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது, ஏராளமான வியாபாரங்கள் பட்டியலைவிட்டு வெளியே போயின. ஊரடங்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மார்ச்சில்தான் வந்தது.

2024இன் பாய்ச்சல்

2023இல் 694 பில்லியன், 2024இல் 1,300 பில்லியனுக்கு மேல். இம்முறை பணவீக்கம் காரணமில்லை, விலைகள் அடங்கியிருந்தன. வீதம் 15இலிருந்து 18 ஆனது, ஆனால் அது மட்டும் இவ்வளவைத் தராது. எரிபொருள், சமையல் எரிவாயு உட்பட விலக்களிப்பில் இருந்த பல பொருட்கள் 2024 ஜனவரி 1இலிருந்து வரிக்குள் வந்தன, இடையில் 80 மில்லியனாகக் குறைந்திருந்த பதிவு எல்லையும் 60 மில்லியனாக இறங்கியது. ஒரு சதவீதப் புள்ளிக்குச் சேர்ந்த தொகை இந்த ஆண்டில் 46இலிருந்து 70 பில்லியனுக்கு மேல் போகும். அதில் பெரும்பகுதி வலை அகன்றதால் வந்தது. மீட்சியும் கொஞ்சம் உண்டு, அதைப் பிரித்துக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

ஒரு மாதத்தை வைத்துப் "போக்கு" என்பது

வேண்டாம். குறைந்தது நான்கு காலாண்டுகள்.

பக்கத்து வரிகளை மறப்பது

2019 டிசெம்பரில் தேசக் கட்டுமான வரியும் போனது. 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு வந்தது. வற்றை மட்டும் பார்த்தால் கடைக்காரர் கட்டும் மொத்தச் சுமை தெரியாது.

இந்தியாவின் ஜி.எஸ்.டி. எண்ணோடு ஒப்பிடுவது

அவர்களுடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரலில் வசூலாவது பெரும்பாலும் மார்ச் மாத விற்பனைக்கான வரி, ஆண்டுமுடிவுக் கணக்குகளும் அதில் சேரும். அதனால்தான் ஏப்ரல் பெரும்பாலும் உச்சமாக நிற்கும்.

துறைமுகத்தையும் கடையையும் ஒன்றாகப் போடுவது

இனி வரும் அறிக்கைகளில் இந்தப் பிழையைத்தான் அதிகம் காண்பேன் என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியது. ஒரு கார் இறங்கினால் சுங்கத்தில் சேரும் வற், புறக்கோட்டைக் கடை ஒன்று பல மாதம் கட்டும் வற்றைவிடக் கூட. ஐந்து வருடம் அடக்கிவைத்த தேவை ஒரே மூச்சில் வரும்போது மொத்தக் கோடு மேலே போகும். தங்கச்சியிடம் சுங்கத்தில் சேர்ந்ததை ஒரு நிரலிலும் உள்நாட்டில் சேர்ந்ததை இன்னொரு நிரலிலும் போட்டு, இரண்டாவதற்கு மட்டும் கோடு வரையச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுவருவார்.